எதில் இரண்டு சொட்டு?

மார்ச் 2

அன்பு மகள் சிட்டுவுக்கு,

இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம், அவள் கோபமும் நலம். வேலைக்குப் போய் இரண்டு மாதமாகிறது, ஒருநாளாவது வீடியோவில் முகம் காட்டினாளா என்று என்னைப் பிடித்து உலுக்குகிறாள். முகமெல்லாம் பரு, கடிதம் வேண்டுமானால் எழுதுகிறேன் என்று நீ சொல்லிவிட்டாய். சரி, எழுது.

இருபது வருடமாக வாசனை எண்ணெய் ஆலையில் புட்டி நிரப்புகிறவனின் மகள் பருவுக்குப் பயப்படலாமா? இத்துடன் டீ ட்ரீ எண்ணெய் ஒரு சின்னப் புட்டி அனுப்பியிருக்கிறேன். சுத்தமான சரக்கு. படுக்கும் முன் இரண்டு சொட்டு. புட்டியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், மறந்தேன் என்று சொல்லாதே.

உன் அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

புட்டி வந்தது. திறந்ததும் அறைத்தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருக்குடி ஊசி போடுறாங்க?" என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம்தான் தெரிகிறது. வாடிக்கையாளருக்கு பிரேம் மாட்டிவிடும்போது அவர்கள் தங்களைப் பார்க்கிறார்களா, என் பருவைப் பார்க்கிறார்களா என்றே சந்தேகம்.

நேற்று நீங்கள் சொன்னபடி இரண்டு சொட்டு போட்டேன். நன்றாகக் காந்துகிறது. அப்படித்தானே இருக்கும்?

சிட்டு

மார்ச் 17

அன்பு மகளுக்கு,

லேசாகக் காந்தத்தான் செய்யும். இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிடாதே, விடாமல் போடு. உனக்கு எதிலும் பொறுமை கிடையாது, அது அம்மா வழி. இதை அவளிடம் சொல்லாதே.

உன் அப்பா

மார்ச் 26

அப்பாவுக்கு,

பரு குறைந்திருக்கிறது. நன்றாக இருக்கிறேன். கடையில் என்னைப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள், லென்ஸ் துடைத்து உறையில் போடும் வேலை. யாரையும் பார்க்க வேண்டியதில்லை, எனக்கும் வசதிதான். வீடியோ மட்டும் இப்போது வேண்டாம்.

சிட்டு

ஏப்ரல் 3

சிட்டு,

எங்கள் பிரிவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் நெற்றியில் பரு. உனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அவள், "எதுல ரெண்டு சொட்டுண்ணே?" என்று கேட்டாள். 

எங்கள் பக்கத்திலேயே திராட்சை விதை எண்ணெய் ட்ரம் நிற்கிறது. இரண்டு சொட்டு என்றால், அதில் ஒரு டீஸ்பூன் எடுத்து இரண்டு சொட்டு கலப்பது. இங்கே யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. உன் அறையில் ட்ரம் இல்லை. இருபது வருடம் வேலை செய்தவனுக்கு இது தோன்றவில்லை.

உடனே உன்னைப் போனில் கூப்பிட்டு, இனிப் போடாதே என்றேன், சரி என்றாய். எத்தனை நாள் போட்டாய் என்றதும், "நல்லாத்தாம்பா இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். உன்னை ஏன் பின்னறைக்கு மாற்றினார்கள்? நாளைக்கே தோல் டாக்டரிடம் போ. இந்தக் கடிதத்தையும் காட்டு.

அப்பா

ஏப்ரல் 10

சிட்டு,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிறேன்.

நானும் எதிலும் கலக்காமல் இரண்டு சொட்டு என் கன்னத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் போட்டேன். மூன்றாம் நாள் சவரம் செய்ய முடியவில்லை. அம்மா பார்த்துவிட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விடாமல் போடு என்று எழுதியவன் நான். எனக்குப் பதில் எழுத மனமில்லை என்றால் வேண்டாம். டாக்டரைப் பார்த்தேன் என்று அம்மாவுக்கு ஒரு வரி எழுதிவிடு.

அப்பா

ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நான்காம் நாளே தோல் உரிந்தது. அதன் பிறகும் பத்து நாள் போட்டேன். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டேன். இதைப் படித்தால் உங்களுக்கு வலிக்கும் என்றுதான் நன்றாக இருக்கிறது என்று பொய் எழுதினேன். உங்கள் மேல் கோபமும் இருந்தது, அதனால்தான் போனை எடுக்கவில்லை.

தோல் வெந்திருக்கிறது, ஆறிவிடும், கறுப்புத் திட்டு மறையச் சில மாதம் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை வெயில் படக்கூடாது, அவர் தந்த களிம்பைத் தவிர எதுவும் பூசக்கூடாது. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கலக்கும் அளவு சரிதானாம். ஆனால் கலந்ததையும் முதலில் முன்கையின் உட்பக்கம் தொட்டு வைத்து, ஒருநாள் பார்க்க வேண்டுமாம். அரித்தாலோ சிவந்தாலோ அந்த எண்ணெய் நமக்கு ஆகாது, விட்டுவிட வேண்டியதுதான். புதிதாகச் சேர்ந்த அந்த அக்காவிடம் இதையும் சொல்லுங்கள். ஆலையில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் படித்ததும் உங்களைத் திட்ட வேண்டும் போல் இருந்தது. திட்ட முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. இனி அப்படிச் செய்யாதீர்கள் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் வருகிறேன். ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன். என் இடது கன்னத்தில் கறுப்பாக இருக்கும், பார்த்ததும் எழுந்து போய்விடாதீர்கள். எந்தக் கன்னத்தில் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எனக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் சிட்டு