பதினைந்து லட்சம் டிகிரி

மார்ச் 4

அன்புள்ள முசுடு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்று நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். இது வந்து சேர்வதற்குள் நீ பத்து வேளை சாப்பிட்டிருப்பாய்.

சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் வளையம் வளையமாக ஒளிர்வதைப் படத்தில் காட்டினேனே, அதில் ஒன்றின் வெப்பநிலையைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு ஒளி வடிகட்டிகள் வழியே படமெடுத்து, எதில் எவ்வளவு பிரகாசம் என்று ஒப்பிட வேண்டும். பதினைந்து லட்சம் டிகிரி. கட்டுரை வெளியானால் எனக்கு வேலை நீட்டிப்பு. முதல் பெயர் பேராசிரியருடையதாம். கண் எரியப் பார்த்தவள் நான்.

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தாய். பார்க்கலாம்.

உன்,
வானிலை

மார்ச் 19

என் வானிலைக்கு,

மாடிவீட்டு அக்கா நேற்றும் கேட்டார்: "உன் பொண்டாட்டி ஆபீஸ்ல கேட்டுச் சொல்லேன், துணி காயப் போடலாமா?" நீ மழைக்காரி இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

பட்டறையில் உலைப் பக்கம் இன்னொருவன் மயங்கி விழுந்தான். ஆய்வாளர் வந்தார். உலை அருகே ஒரு அளவு, மேலாளரின் ஏ.சி. அறையில் ஒரு அளவு. கூட்டி இரண்டால் வகுத்து, வேலைக்கு உகந்த வெப்பம் என்று எழுதிக்கொண்டார். "சார், அந்தச் சூட்டுல இங்க யாருமே நிக்கலையே" என்றேன். "நீதான் சங்கத்து ஆளா?" என்றார்.

மறுபடியும் அதே 'பார்க்கலாம்'தானா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வருவாய் என்று கட்டிலை ஓரம் தள்ளி உன் மேசைக்கு இடம் விடுகிறேன். வரமாட்டாய் என்று மறுபடி இழுத்துப் போடுகிறேன். தரையெல்லாம் கோடு. ஏதாவது ஒன்று சொல்.

முசுடு

ஏப்ரல் 2

அன்புள்ள முசுடு,

உன் ஆய்வாளரைத் திட்டிக்கொண்டே படித்தேன். பாதியில், நானும் அதையேதான் செய்திருக்கிறேனோ என்று தோன்றியது. சூரியனைச் சுற்றியுள்ள அந்த வாயு கண்ணாடி மாதிரி. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே தெரியும். மூன்றாவது வடிகட்டிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். என் வளையம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பத்து லட்சம், மற்றது இருபது லட்சம். பதினைந்து லட்சத்தில் அங்கே எதுவுமே இல்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். "ஒரே எண்ணா இருந்தாத்தாம்மா எடுபடும். எதுக்குக் குழப்பிக்கிறே?" என்றார். கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். நீட்டிப்பு போயிற்று. சரியா தவறா தெரியவில்லை, தலை சுற்றுகிறது.

வேலை போனதால் வந்துவிடுவேன் என்று நினைக்காதே. உன்னிடம் வர வேண்டும் என்பது எனக்குள் முழுதாக இருக்கிறது. இந்த வேலையை விடக் கூடாது என்பதும் முழுதாக இருக்கிறது. வேறோர் ஊருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டையும் கூட்டி வகுத்துத்தான் உனக்குப் 'பார்க்கலாம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தி இங்கே இல்லை.

வானிலை

ஏப்ரல் 15

வானிலைக்கு,

இரண்டு முறை படித்தேன். பாதிதான் புரிந்தது. கோபம் இன்னும் போகவில்லை.

மாடிவீட்டில் போட்டிருந்த உன் மேசையை இறக்கிவிட்டேன். கட்டிலை நகர்த்தவில்லை. இரண்டுக்கும் இடம் போதாமல் மேசை பாதிக் கதவை மறிக்கிறது. தினமும் இடுப்பில் இடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

எடுக்கப்போவதில்லை.

முசுடு