நடக்காத கூட்டத்துக்குப் போட்ட கையெழுத்து

விருத்தாசலம்,
புரட்டாசி 14

ஓசூரில் மகனோடு இருக்கும் என் நாத்தனார் செல்வநாயகிக்கு, உன் அண்ணி வீரம்மாள் எழுதுவது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மற்றபடி இருக்கிறேன். நாலு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். அதோடு இந்த விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வக்கீல் ஜெயஸ்ரீ சொன்னார்கள்.

நம் காப்பகம் நன்றாக நடக்கிறது. பீங்கான் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் உன் காலத்தில் பதினாலு பிள்ளைகளை விட்டுப் போனார்கள். இப்போது அறுபத்திரண்டு பிள்ளைகள். கருவேப்பிலங்குறிச்சியிலும் ஒன்று திறந்திருக்கிறோம். எல்லாம் ஜெயஸ்ரீ கொண்டுவந்த சட்டதிட்டத்தால்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை நிர்வாகக் குழு நேரில் உட்கார வேண்டும். எழுதியதை உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. தலைவர் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் கூடாது. பாத்ரூம் தாழ்ப்பாள் பிள்ளைகள் கைக்கு எட்டுகிறது, உள்ளே போட்டுக்கொண்டால் யார் திறப்பது என்று குழுவில் இருக்கும் தனக்கோடி ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் மறுநாளே மாற்றினோம். பார்வையிட வந்த அதிகாரி அம்மா கூட்ட நோட்டைப் புரட்டிவிட்டு, "சண்டையக்கூட அப்புடியே எழுதி வச்சிருக்கீங்களே" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது இடத்துக்கு அனுமதி வந்தது.

முன்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். சுப்புராயன் சார் நல்ல மனுஷர், காப்பகத்தை ஆரம்பித்தவர். ஆனால் கூட்டத்தை வீட்டிலேயே எழுதி முடித்து, நோட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் வீடு வீடாக வருவார். உறுப்பினர்களுக்கு வடையும் காபியும் வழங்கப்பட்டன என்று எழுதியிருக்கும். அந்த வடையை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். நீ ஒருத்திதான், "நடக்காத கூட்டத்துக்கு நான் ஏன் சார் போடணும்? மொதல்ல சமையக்கட்டு செவுத்த இஞ்சினீயர வுட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றாய். அடுத்த முறை நோட்டு வந்தபோது உன்னைக் குழுவிலிருந்து ஒருமனதாக நீக்கியதாக எழுதியிருந்தது.

சமையல்கார ஆண்டாளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, "யக்கா, காத வச்சிக் கேளேன், உள்ளார மண்ணு உதுருது" என்பாள். வைத்துக் கேட்டேன். உதிர்ந்தது. சாரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஐப்பசி மழையில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது சுவர் அவள் மேல் விழுந்தது. சுவர் பார்வையிடப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது என்று நோட்டில் அதற்கு முந்தின மாதப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

அன்று முதல் எந்தச் சுவர் ஓரம் உட்கார்ந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. பஸ் ஸ்டாண்டில் கேட்கிறது, கோயில் மதிலில் கேட்கிறது. என் மகன் கட்டிய புது வீட்டிலும் கேட்கிறது. அவன் கரையான் என்று நினைத்து மருந்து அடித்தான். கூட்டத்தில் நான் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். ஆண்டாள் வந்து என்னைத் திட்டினால்கூடத் தேவலை. "யக்கா, கேளேன்" என்று மட்டும்தான் சொல்கிறாள்.

இப்போது தலைவருக்கு மூன்று வருஷம் முடிகிறது. சார் மகன் மாணிக்கவேல் வரப் பார்க்கிறான். "பெரியம்மா, இந்தக் காலத்துல யாரு வந்து ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க? போன்ல அனுப்பறேன், கட்டவெரல் படத்தத் தட்டுங்க, கூட்டம் முடிஞ்சிது" என்கிறான். பழகிப் பார்க்கலாம் என்று ஒன்று அனுப்பினான். தனக்கோடிகூடத் தட்டிவிட்டாள். நானும் தட்டத்தான் விரலைக் கொண்டுபோனேன். போனைக் காதில் வைக்கவில்லை, ஆனாலும் மண் உதிர்வது கேட்டது.

வருகிற சனிக்கிழமை தலைவர் தேர்வு. சார் மகன் என்பதால் அவனை எதிர்த்து நிற்க எல்லோருக்கும் கூச்சம். கூச்சப்படாத ஆள் நீதான்.

உன் அண்ணன் காரியத்தன்று, "அண்ணி ஒழுங்கா பாத்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு" என்று பந்தியில் எல்லோர் எதிரிலும் சொன்னாய். சித்திரை பதினொன்று, இரண்டாம் பந்தி, பச்சைப் புடவை கட்டியிருந்தாய். அதை நான் மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. நோட்டில் மற்றப் பக்கங்களையெல்லாம் படிக்காமல் போட்டேன். உன்னை நீக்கிய பக்கத்தை மட்டும் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன்: உன்னை நீக்கியதாக எழுதிய அன்று கூட்டம் நடக்கவில்லை. போட்டவர்களில் ஒருவர் இப்படி எழுதினாலே உன் நீக்கம் செல்லாது என்று ஜெயஸ்ரீ சொன்னார்கள். இதைக் கொண்டுவந்து உரக்கப் படிக்கச் சொல். பந்தி விஷயத்தையும் விடாமல் படிக்கட்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் கூடாது என்பதால் நான் விலகிக்கொள்கிறேன்.

கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் முறையிட்டுப் பிராது எழுதிக் கட்டலாம் என்றுதான் முதலில் பேப்பரை எடுத்தேன். யார் மேல் பிராது என்கிற இடத்தில் என் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதினேன். அந்தச் சாமி உன்னையும் உன் பிள்ளைகளையும் நன்றாக வைத்திருக்கட்டும். என்னோடு பேச வேண்டாம், என் வீட்டுக்கும் வர வேண்டாம். சனிக்கிழமை வந்துவிடு தாயி.

உன் அண்ணி,
வீரம்மாள்