பிச்சிக் கட்டைக்குத் தண்ணி

கலையரசி அப்பாவுக்கு,

சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு மாத்திரையப் போட்டுருங்க.

கங்கைகொண்டானுக்கு நம்ம மக வீட்டுக்குப் போறேன். அவளுக்கு இன்னைக்கு வளைகாப்பு. உங்களக் கூப்பிடல. நானும் ஏன்னு கேக்கல.

தாய்வீட்டுப் பூவக் கடையிலதான் வாங்கணும். அவ சொல்லாம கல்யாணம் கட்டுன அன்னைக்கு, அவ வச்ச பிச்சிக்கொடிய அடியோட வெட்டிட்டீங்களே. இப்ப விடியுமுன்ன எந்திரிச்சு அந்தக் கட்டைக்குத் தண்ணி ஊத்துதீங்க. பாத்தேன். இனிமே ஊத்த வேண்டாம். நகத்தால கீறிப் பாத்தாச்சு, உள்ள பச்சையே இல்ல.

பேச்சித்தாய்

ஒண்ணு விட்டுப்போச்சு. பிச்சிய வெட்டுனா தழைக்கத்தான் செய்யும். இது வெட்டுனதுல சாகல, வேர் அழுகிட்டு. உங்களுக்குத் தெரியாம அந்தியில நானும் ஊத்திக்கிட்டுதான் இருந்தேன்.