இடப்பக்கம் ஒரு சென்டிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

அம்மா போனபிறகு ஒரு ஆளுக்குச் சமைப்பது இன்னும் கைக்கு வரவில்லை. தினமும் மிஞ்சுகிறது. மிஞ்சியதையே மதியம் ஆசிரியர் அறையில் தனியாகச் சாப்பிட்டேன்.

மறுமதிப்பீடு கேட்டு ஒரு கடிதம். மாலை வகுப்பில் படித்துத் தேர்வு எழுதியவர். லிஃப்ட் மெக்கானிக், வயது நாற்பத்து மூன்று. பட்டம் கிடைத்தால் மேற்பார்வையாளர் ஆகலாமாம். முப்பத்தெட்டு மதிப்பெண். இரண்டு மதிப்பெண்ணில் தேர்ச்சி போய்விட்டது. ஏழாவது கேள்வியைப் பற்றிக் கேட்கிறார். கேள்வியும் விடைக்குறிப்பும் நான் எழுதியவை. அவர் தாளைத் திருத்தியதும் நான்தான்.

சொரசொரப்பான மேஜைமேல் அரைக்கிலோ கட்டை. இரு பக்கமும் சுருள்வில். வில்லின் வலுவுக்கு ஒரு எண், உராய்வுக்கு ஒரு எண். நடுவிலிருந்து வலப்பக்கம் பதினைந்து சென்டிமீட்டர் இழுத்து விட்டால் கடைசியில் எங்கே நிற்கும், மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? என் குறிப்பு: நடுவில் நிற்கும், 56.25 செ.மீ. அவர் எழுதியது: நடுவுக்கு இடப்பக்கம் 1 செ.மீ.; 56. சுழித்துப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

கடிதத்தின் கடைசி வரி: ‘நீங்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?’

என்ன திமிர்!

மார்ச் 5, புதன்

இருபத்திரண்டு வருஷமாப் பாடம் நடத்தறேன். செஞ்சு பார்த்ததில்ல.

மார்ச் 8, சனி

விடுமுறை. சாவி வாங்கி ஆய்வகத்தைத் திறந்தேன். கட்டையை இழுத்து விட்டேன். ஏழு முறை. ஒரு முறைகூட நடுவில் நிற்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். எவ்வளவு எளிது! நடுவுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் வில்லின் இழுப்பைவிட உராய்வின் பிடி அதிகம். அங்கே வேகம் செத்தால் அவ்வளவுதான், நின்றுவிடும். உராய்வு ஒவ்வொரு வீச்சிலும் நாலு சென்டிமீட்டரைத் தின்கிறது. வலப்பக்கம் பதினைந்து, இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் மூன்று. மூன்றிலிருந்து நடுவை நோக்கிக் கிளம்பும், ஒன்றிலேயே அடங்கிவிடும். இடப்பக்கம். ஓடிய தூரம் இருபத்தாறு, பதினெட்டு, பத்து, இரண்டு; கூட்டினால் ஐம்பத்தாறு. நான் கட்டையின் ஆற்றல் முழுவதும் தீர்ந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு, ஒரே வரியில் வகுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஃபோனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் தம்பி.

“என்னக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லடா. ஒரு கட்டை... நடுவுல நிக்கல.”

“சாப்ட்டியா?” என்றான்.

மார்ச் 10, திங்கள்

துறைத் தலைவரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“ரெண்டு மார்க்குக்கு ஊரையே எழுப்பணுமா மேடம்? அவருக்கு மட்டும் கருணை மார்க் போட்டுடலாம். முடிஞ்சுது.”

“கருணை இல்ல சார். அவர் எழுதினதுதான் சரி. அவர மாதிரியே வேற யாராவது எழுதியிருந்தா?”

“தப்பு உங்களோடதுன்னு எழுத்துல குடுப்பீங்களா?”

“குடுக்கறேன்.”

பேனாவை மூடி வைத்தார். “அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

மார்ச் 11, செவ்வாய்

நாலு வரிக் கடிதம். காலையில் ஆரம்பித்தது, மூன்று மணிக்குத்தான் முடிந்தது. எழுதி எழுதிக் கிழித்தேன். ‘அவங்க தப்பு விடவே மாட்டாங்க’ — இந்தப் பேர் ஒண்ணுதான் நான் சம்பாதிச்சது. சொந்த வீடு இல்ல, புருஷன் பிள்ளை இல்ல, இருந்த அம்மாவும் போயாச்சு. இதையும் எழுதிக் குடுத்துட்டா எனக்குன்னு என்ன மிச்சம்?

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் வெளியே எடுத்தார்கள். ஏழாவது கேள்வியை மட்டும் மறுபடி பார்த்தேன், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு. மெக்கானிக்கைத் தவிர இன்னும் மூன்று பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள். நாலு பேருக்கும் மதிப்பெண் ஏறிற்று.

ஐந்தாவதாக ஒரு தாள். ‘இடப்பக்கம் 1 செ.மீ.’ என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே ‘நடுவில்’ என்று எழுதியிருந்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து அடித்திருக்கவேண்டும். முதல் தடவை அதற்கு முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்றும் எழுதியிருக்கிறேன்.

அடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், “அடுத்தது பாக்கலாமா?” என்று இரண்டு முறை கேட்டார்.

ஏப்ரல் 2, புதன்

கேள்வித்தாள் குழுவில் என் பெயர் இல்லை. காரணம் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன், பேச்சு கத்தரித்தாற்போல் நின்றது. யாரோ வெயிலைப் பற்றி ஆரம்பித்தார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலிருந்து வாயைத் திறக்கவே இல்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. தொண்டையைச் செருமிப் பார்த்தேன். குரல் இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

ஐந்து மணி. எல்லாரும் போய்விட்டார்கள். வாசலில் ஒருவர், சட்டைப்பையில் திருப்புளி. “டீச்சர், அந்த ஏழாவது கேள்வி நான்தான்” என்றார்.

உட்காரச் சொன்னேன். மதிப்பெண் பட்டியலைக் காட்டினார். நாற்பது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மரக்கட்டையை மேஜைமேல் வைத்தார்.

“பாஸான பிறகுதான் பட்டறைல செஞ்சு பார்த்தேன். இது ஒண்ணுல நிக்கல டீச்சர். மூணுலயே நின்னுடுது.”

“மூணுலயா? எப்படி?”

“ஓடறப்ப இருக்கற பிடி வேற, நின்னப்பறம் கிளப்பறப்ப இருக்கற பிடி வேற இல்லையா? நின்ன பொருளக் கிளப்பறதுதான் கஷ்டம். லிஃப்ட்லயும் அப்படித்தான். கேள்வில உராய்வுக்கு நீங்க ஒரே எண்தான் குடுத்திருந்தீங்க.”

யோசித்துப் பார்த்தேன். சரிதான்.

“அப்ப உங்க கட்டைக்கு நீங்க எழுதின விடையும் தப்பு.”

“ஆமா. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

சிரித்துவிட்டேன். வாய்விட்டு. அவருக்கு முதலில் பயம், பிறகு அவரும் சிரித்தார். காகிதத்தை இழுத்து, மூன்றில் நிற்க எவ்வளவு பிடி வேண்டும் என்று போட ஆரம்பித்தோம். அவர் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

கதவைப் பூட்ட வந்த காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். “இன்னும் ரொம்ப நேரம் ஆகுமாம்மா?”

“இப்பதான ஆரம்பிச்சிருக்கோம்” என்றேன்.