லோடு வண்டி அண்ணாச்சியின் மூன்றாவது தலை

மே 12, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பொம்மை செய்யும் எபாக்சி புட்டியின் இரண்டு பாகத்தையும் சமமாக எடுத்துப் பிசைந்தால் ஒரு மணி நேரம் இளக்கமாக இருக்க வேண்டும். கோவில்பட்டியில் அரை மணி. மூக்கை வைத்துக் கண்ணுக்குப் போவதற்குள் கல்.

பசுவந்தனையில் லோடு வண்டி ஓட்டும் அண்ணாச்சிக்கு மூன்று அங்குலத்தில் தன் உருவமே வேண்டுமாம். புது வண்டி டேஷ்போர்டில் ஒட்ட. வெள்ளிக்கிழமை பூஜை. வேட்டி, துண்டு, செருப்பு எல்லாம் தயார். தலைதான் பாக்கி.

முதல் தலையைப் பார்த்துவிட்டு, "இது நானில்லையே தாயி. எம் மச்சான்லா?"

மச்சானோடு பேச்சுவார்த்தை கிடையாதாம்.

மே 13, புதன்

இரண்டாவது தலை. மீசையைப் பெரிதாக்கி, போட்டோ அனுப்பினேன். உடனே போன். "மச்சான் மீசைய முறுக்கிட்டு நிக்கான்."

அழுகை வந்தது. எனக்கு முகமே வராதோ என்று பயம். இன்னும் ஒரு தலை. அதுவும் மச்சானாகிவிட்டால் டேஷ்போர்டில் பிளாஸ்டிக் கிளி வைத்துக்கொள்வாராம்.

புட்டி மிச்சம்: ஒரு தலைக்கு. ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். தெருவில் எந்தக் குழாய் ஒழுகினாலும் "கொஞ்சூண்டு தா" என்று வந்துவிடுகிறார்கள்.

மே 14, வியாழன்

காற்றே இல்லை. பத்து மணிக்குப் பிசைந்தேன். மீசையை விட்டுவிட்டு, அவர் சிரிப்பை அடக்கும்போது உப்புமே இடது கன்னம், அதை முதலில் பிடித்தேன். வந்துவிட்டார்! கொண்டைக்கடலை அளவில் அண்ணாச்சி அப்படியே. உடம்பில் செருக, கழுத்தை நீளமாக விட்டேன்.

அதற்குள் வாசலில் சத்தம். பத்து நாளுக்குப் பிறகு தண்ணீர். டிரம்மில் பைப்பைப் போட்ட அம்மா கத்தினாள். "ஏட்டி, டிரம்மு ஓட்ட! அந்தச் சாந்தக் கொண்டா!"

"அதுல அண்ணாச்சி இருக்காரும்மா!"

"அண்ணாச்சியவா குடிக்கப் போறோம்?"

ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு நின்றாள். மச்சான் தலைகளைச் செருகிப் பார்த்தேன். கல்லானவை, சுற்றிலும் ஒழுகியது. வேறு வழியில்லை. அண்ணாச்சியின் கழுத்தை உள்ளே விட்டு அழுத்தினேன். சொட்டு ஒழுகவில்லை. முகம் வெளியே. மூக்குக்கூட நசுங்கவில்லை.

சாயங்காலம் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மே 15, வெள்ளி

புழுக்கம். வண்டிக்கு மாலையோடு அண்ணாச்சி வந்துவிட்டார். டிரம்மைக் காட்டினேன். குனிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். தன் கன்னத்தைத் தடவினார்.

"நாந்தான். தாயி, நானேதான்!"

துள்ளிக் குதித்தேன்.

"சுத்தி அறுத்து எடுத்துருவமா?" வண்டியிலிருந்து ரம்பத்தோடு வந்தார்.

அம்மா டிரம் முன்னால் வந்து நின்றாள்.

"பத்து நாள் தண்ணி, அண்ணாச்சி. குடிச்சு முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புதோம்."