சத்தமே வராத சிகிச்சை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பிக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். நெற்றியோரம் ஜெல் தடவி, ஒரு கருவியை வைத்து, பத்து நிமிடம் மூளைக்குள் ஒலி அலை அனுப்புகிறார்கள். சத்தமும் இல்லை, சூடும் இல்லை. இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சையாம். ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப் பேருக்குக் கருவியை ஆன் செய்யாமலே சும்மா வைப்பார்களாம். யாருக்கு எது என்று நர்ஸுக்கே தெரியாது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கருவியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கடைக்குப் போர்டு மாட்ட வந்து, விழுந்து, மண்டையில் அடிபட்டு நாலு மாதம் ஆகிறது. இன்னும் வாய் திறக்கவில்லை. ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா?

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணுகிறது, கடையை விட்டு நகர முடியவில்லை. அந்தச் சிகிச்சையை உடனே நிறுத்து. உன் காதில் பூ சுற்றுகிறார்கள். உயிர் மிஞ்சியதே போதும்.

ஏதாவது பேசினானா? அன்று நடந்தது நினைவு வந்ததா? உடனே எழுது.

அக்கா

ஜூன் 19

அண்ணிக்கு,

சாப்பிட்டானா, நடந்தானா என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த நாலு மாதத்தில் நீங்கள் போட்ட மூன்று கடிதத்திலும், பேசினானா, நினைவு வந்ததா என்ற ஒரே கேள்விதான். எனக்கு உறுத்துகிறது. அவர் ஏணியிலிருந்து தானாக விழுந்தார், நீங்கள் கடைக்குள்ளே இருந்தீர்கள் என்று சொன்னது நீங்கள் மட்டும்தான். சிகிச்சையை நிறுத்தமாட்டேன்.

ஜூலை 2

அண்ணிக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, அவரே சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை வாய் திறந்தார். சிகிச்சையால் வந்ததா, தானாக வந்ததா, டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. "அக்கா ஏணிய விட்டுட்டா" என்றார். கீழே பிடித்துக்கொண்டிருந்தது நீங்களாம். போன் அடித்ததும் கையை எடுத்தீர்களாம். துண்டு துண்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏணி அக்கா மேல விழுந்துச்சா? அடி பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். நம்பவில்லை. "அப்புறம் ஏன் என்னப் பாக்க வரல?" என்கிறார். நேற்றிலிருந்து ஐந்து முறை கேட்டுவிட்டார்.

இதற்குப் பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள். கதவைத் திறந்துவிடுவேன், கட்டில் பக்கத்தில் நாற்காலியும் போடுவேன். என்னிடம் மட்டும் பேச வேண்டாம்.