கேள்வி கேட்கத் தெரியாத 197

ஜனவரி 6, திங்கள்
மன்னித்துக்கொள் டைரி, இன்றும் மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. ரித்திகா இப்போதுதான் தூங்கினாள். மூன்று வயதுக்கு இத்தனை கதை எதற்கு?

அவிநாசி பனியன் கம்பெனி முதலாளி ஆறுச்சாமி கூப்பிட்டார். "பயோடேட்டாவுல பிரெஞ்சு போட்டிருக்கீங்களே அம்மணி. இருபத்தெட்டாந்தேதி பிரான்சுல இருந்து நம்ம சட்டை வாங்குற பையரம்மா வர்றாங்க. ஒரு அரை மணி நேரம் பேசிப்போடுங்க. அவங்களுக்குப் புடிச்சுதுன்னா வேலை உங்களுக்குத்தானுங்க."

போட்டது நான்தான். பிளஸ் டூவில் பிரெஞ்சு இருநூற்றுக்கு 197. தமிழ் எடுத்தால் மார்க் குறையும் என்று எங்கள் வகுப்பே பிரெஞ்சுக்கு ஓடியது. ஒரு நாள்கூட வாய் திறந்து பேசியதில்லை. எங்கள் மிஸ்ஸும்தான்!

ரித்திகா பிறந்தபோது வேலையை விட்டேன். இப்போதெல்லாம் எந்தப் படிவத்திலும் "இல்லத்தரசி" என்று ஆபீஸ்காரர்களே எழுதிக்கொள்கிறார்கள், என்னைக் கேட்பதுகூட இல்லை. இந்த வேலை வேண்டும். வேண்டும்.

ஜனவரி 9
பழைய பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்தேன்: கீ, கெ, ஊ. யார், என்ன, எங்கே என்று கேட்கவும் இவைதான், வாக்கியத்தைக் கோர்க்கவும் இவைதான். நாம் "வந்த பொண்ணு" என்போம், முடிந்தது. அவர்களுக்குப் பெண்ணுக்கும் வந்ததற்கும் நடுவில் ஒரு "கீ" வாட்ச்மேன் மாதிரி நிற்க வேண்டும். கோர்க்க மட்டும் "தோன்" என்று இன்னொன்று. அது எப்போது வரும் என்று அதற்கே தெரியாது போல.

ஜனவரி 12
என் வீட்டுக்காரர் மதன் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பையரம்மா ஆனார். "பொஞ்சூர்" என்றார். அவ்வளவுதான், பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த "என் உயிர்த்தோழி" கட்டுரை முழுக்க என் வாயிலிருந்து கொட்டியது. நிறுத்த முடியவில்லை.
"ஏனுங்க, எப்படி?"
"சூப்பர். ஆனா நான் ஒண்ணுமே கேக்கலியே அம்மணி."

ஜனவரி 15
மாட்டுப் பொங்கல். பொங்கல் கிளறும்போதும் மனதில் அந்தத் தோன்தான். அடிப்பிடித்தது.

ஜனவரி 21
இன்றுதான் உறைத்தது. அந்த 197 மார்க்கும் பதில் எழுதி வாங்கியது. பிரெஞ்சில் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை! எத்தனை பீஸ், எந்த நிறம், எப்போது என்று கேட்பதுதானே அங்கே வேலை? ரித்திகா மணிக்கு நாற்பது கேள்வி கேட்கிறாள். பேசாமல் அவளை அனுப்பலாம்.

ஜனவரி 27
காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். 98.4. ஒரு உதவிகூடக் கிடையாது.

ஜனவரி 28
போனேன்.

பையரம்மா பெயர் மதாம் கிளோதில். அறுபது வயதிருக்கும், ஒடிசலான ஆள். மேஜையில் சாம்பிள் சட்டைகள். நான் பேச வேண்டும். ஆறுச்சாமி என்னையே பார்க்கிறார். அந்தம்மா டீயைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் டீயைத் தொடாவிட்டால் நம் கை சும்மா இருக்குமா, வாய்தான் சும்மா இருக்குமா? என்ன சாப்பிட்டீர்கள், எந்த ஊர், வீட்டில் யார் யார், நீங்கள் இங்கே வந்துவிட்டால் அங்கே யார் சமைப்பது? கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைக் கேட்பது போலவே கேட்டேன், பிரெஞ்சில்! முதலில் திகைத்தார். அப்புறம் போனை எடுத்து இரண்டு மகன்கள் படம் காட்டினார். "லெக்கெல்?" என்றேன், இதில் எவருக்குக் கல்யாணம் ஆகவில்லை? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீயும் குடித்தார்.

கார் போனதும் ஆறுச்சாமி கேட்டார்: "ஏனுங்க அம்மணி, ஆர்டரப் பத்திப் பேசுனீங்களா இல்லீங்களா?"

பேசவில்லை. ஒரு வார்த்தை. அய்யோ, ஒரு வார்த்தைகூடப் பேசலையே நான்! என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

பிப்ரவரி 2
போன் இல்லை. மதனும் கேட்கவில்லை. கேட்காமல் பாத்திரம் கழுவுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6
ஆறுச்சாமி! "அந்தம்மா ஒரு நீள மெயில் போட்டிருக்காங்க. பூராவும் பிரெஞ்சு. உங்க பேரு மட்டும் மூணு எடத்துல இருக்குது, மத்தது ஒண்ணும் வெளங்கலீங்க. திங்கக்கெழம வந்து நீங்களே பதில் போட்டுருங்க. டெய்லி ஒம்பது மணிக்குங்க."
டெய்லி!

பிப்ரவரி 10
அவிநாசி, மதியம். நான் அனுப்பிய பதிலின் கடைசிப் பத்தி, தமிழில்:

"அன்புள்ள மதாம், என் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்ட பதினோரு கேள்விகளுக்கும் பதில் மேலே இருக்கிறது. அன்று நான் கேட்க மறந்தவை: எத்தனை சட்டை? எந்த நிறம்? எப்போது அனுப்ப வேண்டும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."